வாழ்த்துப் பாட்டும் நீக்கிய அடிகளும்

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடக நூலின் முகப்பில் அமைந்த தமிழ்த்தெய்வ வணக்கம், 1970-இல் அரசு விழாக்களின் வாழ்த்துப் பாடலாகவும், 2021 டிசம்பர் 17 அன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. ஏற்கப்பெற்றது முழுப்பாட்டன்று, இடையே சில அடிகள் நீக்கப்பெற்றன. நீக்கம் தகுமா என்று வழக்கிட்டார் பலர். அதனால் பாட்டின் பொருள் எவ்வாறு மாறிற்று என்பதனையே ஈண்டு முதற்கண் ஆராய்வோம்.

பாட்டு இரு கூறுடையது. முற்கூறு நிலமகளை உருவகித்து, அவள் முகத்திலும் நெற்றியிலும் வைத்துத் தமிழ்நிலத்தின் சிறப்பை உரைக்கும். அஃது இடம் பற்றியது. பிற்கூறு காலம் பற்றியது. பல உலகைப் படைத்தும் அழித்தும் தான் மாறாத பரம்பொருளை உவமையாக்கி, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவற்றை ஈன்ற பின்னும் தமிழ் இளமை குன்றாமையையும், வடமொழி போல் பேச்சுவழக்கு ஒழியாமையையும் கூறி, அவ்விளமையை வியந்து முடியும். ஈன்றும் இளையள் என்பதே வியப்பின் காரணம்.

இன்று பாடப்பெறும் வடிவில் இக்காரணம் இல்லை. உவமேயம் நீங்கவே உவமைக்கும் இடமில்லாது போயிற்று. இறுதியில் நிற்கும் இளமை, காலத்தை வென்ற நிலையைக் குறியாது, அழகின் மிகுதியையே குறிப்பதாய்க் கேட்போர்க்குத் தோன்றும்.

எனினும் நீக்கம் தக்கதே என்பது நம் துணிபு. தெலுங்கும் கன்னடமும் தாய்மொழியாக உடைய குடிகளும் எழுந்து நின்று பாடும் பாட்டில், ஒரு மொழியின் உயர்வுக்குப் பிறமொழியின் தாழ்வு சான்றாதல் பொருந்தாது. மேலும், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்த பின் வளர்ந்த ஒப்பியல் மொழிநூல், இம்மொழிகளைத் தமிழின் மகளிர் எனக் கொள்ளாது, மூலத் திராவிடத்தினின்று பிரிந்த உடன்பிறப்புக்களாகவே கொள்ளும். புலவரின் கற்பனையாக அது நூலுள் நிற்கலாம். பொதுமன்றத்தின் உறுதிமொழியாக நிற்றல் ஆகாது.

நீக்குதல் வேறு, திருத்துதல் வேறு. புலவர் சொல்லை எடுத்துவிட்டுத் தம் சொல்லைப் பெய்வார், தம் கருத்தைப் பிறர் வாயில் வைப்பாராவர். இப்பாட்டில் அங்ஙனம் செய்யாது, புலவர் சொற்களைக் கொண்டே முடித்தமை போற்றத்தக்கது. ஆயினும் நீக்குவார்க்கும் ஒரு கடமை உண்டு. பாடநூலிலும் தொகைநூலிலும் இப்பாட்டை அச்சிடுவோர், இது சுருக்கிய வடிவம் என்று குறித்தல் வேண்டும். மேல்வகுப்பு மாணவர்க்கு முழுப்பாட்டையே கற்பித்தல் வேண்டும். மன்றத்திற்கு ஏற்ற வடிவம் ஆராய்ச்சிக்குரிய மூலத்தை மறைக்குமாயின், நேற்றையோர் எண்ணியதனையும் இன்றையோர் அதனைக் கடந்ததனையும் நாளை வருவோர் ஒருங்கே இழப்பர்.