பரிசும் பகட்டும்

பண்டிகைக் காலத்துப் பரிசைப் பற்றி எழுந்த கதைகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது, அமெரிக்க ஆசிரியர் ஓ. ஹென்றி 1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட சிறுகதையாகும். ‘ஞானியரின் பரிசு’ என அதனைத் தமிழிற் கூறலாம். அக்கதையைப் படித்துக் கண் கலங்காதார் அரியர். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாரோ அவரினும் அரியர். அக்கணக்கைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை மிகச் சிறிது. ஜிம்மும் டெல்லாவும் ஏழைத் தம்பதிகள். ஜிம்மின் வாரச் சம்பளம் 20 டாலர். முன்னர் 30 டாலராயிருந்து குறைந்து போனது. குடியிருக்கும் அறைகளுக்கு வார வாடகை 8 டாலர். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் டெல்லாவின் கையில் இருந்ததோ 1 டாலர் 87 காசு. அவள் தன் நீண்ட கூந்தலை வெட்டி 20 டாலருக்கு விற்று, கணவனுடைய பரம்பரைக் கடிகாரத்துக்கென 21 டாலரில் பிளாட்டினச் சங்கிலி வாங்குகின்றாள். அவனோ அக்கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலுக்கென மணி பதித்த ஆமையோட்டுச் சீப்புகளை வாங்கி வருகின்றான். கூந்தலும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஆயினும், பரிசு கொடுப்போருள் இவர்களே ஞானிகள் என்று தீர்ப்புக் கூறி முடிக்கின்றார் ஆசிரியர்.

அத்தீர்ப்பை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகுமா? சங்கிலியின் விலை ஒரு வாரச் சம்பளத்தினும் மிகுதி. ஜிம்முக்குப் புதிய மேலங்கி தேவை என்றும், அவனுக்குக் கையுறை இல்லை என்றும் ஆசிரியரே சொல்லுகின்றார். கடுங்குளிர்க் காலத்தில் கணவனுக்குக் கையுறை வாங்கவேண்டும் என்ற எண்ணம் டெல்லாவுக்கு ஏன் எழவில்லை? பிராட்வே வீதியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னிருந்த சீப்புகளை அவள் நெடுநாளாக ஏங்கிப் பார்த்ததாகவும் கதையில் வருகின்றது. அவ்விருவருடைய அன்பு உண்மையே. அவ்வன்புக்கு உருவம் வகுத்துக் கொடுத்ததோ கடைக்காரனுடைய கண்ணாடி. ஆசிரியர் இதனைக் கண்டும் காணாதவர்போற் கடந்து செல்லுகின்றார். கதையின் குறை இதுவே.

இவ்விடத்தில் நமக்குத் துணை வருபவர் பிரெஞ்சு ஆசிரியர் மாப்பசான். 1884-இல் அவர் எழுதிய ‘அட்டிகை’ என்னும் கதையில், பாரிஸ் நகரத்து அரசாங்கக் குமாஸ்தா ஒருவரின் மனைவி அமைச்சர் வீட்டு விருந்துக்கு 400 பிராங்கில் ஆடை தைத்துக்கொள்ளுகின்றாள். தோழியிடம் வைர அட்டிகையை இரவல் வாங்கி அணிந்து செல்லுகின்றாள். அட்டிகை தொலைந்துவிடுகின்றது. 36,000 பிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கடனை அடைக்கப் பத்தாண்டுகள் கணவனும் மனைவியும் தேய்ந்து போகின்றனர். தொலைந்தது போலி வைரம் என்றும், 500 பிராங்குக்கு மேற் பெறாதென்றும் இறுதியிற் தெரிய வருகின்றது. விருந்தில் அவளை வியந்து பார்த்த அத்தனை கண்களுக்கும் போலியே போதுமானதாயிருந்தது! பிறர் கண்ணுக்காக அணியும் பொருளின் மதிப்பு இவ்வளவே என்பதை மாப்பசான் ஒரு வார்த்தையும் போதனை செய்யாமலே காட்டிவிடுகின்றார்.

இவை பழங்கதைகள் என்று தள்ளிவிடுதற்கில்லை. அதே பாரிஸில் 1854-இல் பெட்டிக் கடையாகத் தொடங்கிய லூயி வித்தோன் நிறுவனம், 1896 முதல் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பெட்டியின் வெளிப்புறத்திலேயே பொறிக்கலாயிற்று. போலிகளைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இன்றோ, போலி செய்வோர் முதலிற் பொறிப்பது அவ்வெழுத்துகளையே! ஆண்டிறுதி விழாக்காலத்தில் இத்தகைய பெயர் பொறித்த பைகள் பரிசாக வழங்கப்படுகின்றன. பெறுவோர் பலர் தையலைப் பார்க்குமுன் பெயரைப் பார்க்கின்றனர். மாப்பசானின் விருந்து மண்டபம் இன்னும் விளக்கு அணையாமலே இருக்கின்றது.

அங்ஙனமாயின் ஓ. ஹென்றியின் கதை வீணோ? அன்று. டெல்லாவும் ஜிம்மும் பரிசு மாற்றிக்கொண்ட அறையில் மூன்றாமவர் கண் இல்லை. ஊரார் மெச்சவேண்டும் என்று இருவரும் நினைத்தாரிலர். பயனற்றுப்போன சீப்புகளையும் சங்கிலியையும் கண்டு ஒருவரையொருவர் நொந்துகொண்டாரும் இலர். கதைக்கு உயிர் அங்கேதான் இருக்கின்றது. மாப்பசானிடம் கணக்கு உண்டு, கனிவு குறைவு, ஓ. ஹென்றியிடம் கனிவு உண்டு, கணக்குக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே முழுப்பயன் அடைவர்.

தோழர்களே! பண்டிகை நெருங்கும்போது தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்து வாழும் நம்மையும் கடைக் கண்ணாடிகள் அழைக்கத்தான் செய்கின்றன. தவணைக் கடனில் எடுத்த சரிகைச் சேலை பண்டிகையன்று ஒரு நாள் மின்னும். அதன் கடனோ ஆண்டு முழுதும் உறுத்தும். அன்புடையார்க்குக் கொடுங்கள், தாராளமாகவே கொடுங்கள். ஆனால், கடைக்குள் நுழையுமுன் அவர் கைகளை ஒருமுறை பாருங்கள். அக்கைகளுக்கு இல்லாதது எதுவோ அதுவே சிறந்த பரிசு.