அனுமதியும் இசைவும்

முத்தும் பின்னர் கொழும்பு வணிகமும் ஆண்களைக் கடல் கடத்திய காலமெல்லாம், காயல்பட்டினத்தில் வீடும் மகப்பேறும் பெண்களின் பொறுப்பிலேயே இருந்தன. மணமகன் பெண்வீட்டில் குடிபுகும் ஊர் அது. ஆயினும், அப்பெண்ணின் உடல் குறித்த மார்க்கத் தீர்ப்புகளில் அவள் குரலுக்கு என்ன இடம்? கருத்தடையின் முற்கால வரலாற்றை ஆராய்ந்து பாஸிம் முஸல்லம் எழுதி, 1983இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'இஸ்லாத்தில் பாலுறவும் சமூகமும்' எனும் ஆங்கில நூலை மீண்டும் பயின்றபோது இக்கேள்வியே மேலெழுந்தது.

ஃபிக்ஹு நூல்களையும் மருத்துவ நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது முஸல்லமின் தனிச் சிறப்பு. சட்ட அறிஞர்கள் பேசுவது பெரும்பாலும் ஆணின் செயலாகிய அஸ்லைப் பற்றியே. ராஸீ, இப்னு ஸீனா முதலிய ஹகீம்கள் விவரிப்பவையோ பெரும்பாலும் பெண் கையாளும் மருந்துகள். பிரசவத்தால் உயிரிழக்கக்கூடிய இளம்பெண்ணுக்கும் கருப்பை நோயுற்றவளுக்கும் கருவைத் தவிர்க்க மருத்துவன் உதவ நேரிடும் என்பது 'அல்கானூன்' கூறும் நெறி. பேறுகால ஆபத்தை அஞ்சி மனைவியின் உயிரைக் காக்க நாடுவதை ஆகுமான நோக்கங்களுள் ஒன்றாக இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) எண்ணுகிறார். பெண்மகவுக்கு அஞ்சித் தவிர்ப்பதைக் கண்டிக்கிறார்.

நூலின் இறுதிப் பகுதியே வலுவற்றது. மக்கள்தொகைச் சரிவோடு கருத்தடையைத் தொடர்புபடுத்தும் ஊகங்கள் அங்கு மிகுதி. ஒரு மருந்து ஏட்டில் எழுதப்பட்டிருப்பது, அது ஏழைப் பெண்ணின் கைக்கு எட்டியதற்குச் சான்றாகாது.

நம்மவர் இந்நூலை 'அனுமதி உண்டு' என்பதற்கு மட்டுமே மேற்கோள் காட்டுவது அதனினும் பெரிய குறை. மக்கட்பேறும் இன்பமும் மனைவியின் உரிமை என்பதால் அஸ்லுக்கு அவள் இசைவு வேண்டும் என்பது ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பரவலான நிலை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று அதனை நிபந்தனையாக்கவில்லை. நம் கரையோ ஷாஃபிஈ கரை! பல்லாண்டுகளாக நிகாஹ் பாடத்தில் இப்பத்தியைக் கடந்திருக்கிறேன். ஒருமுறையேனும் 'இசைவு' என்ற சொல்லில் மாணவரை நிறுத்தியதில்லை.

இது பழைய ஏட்டுச் சிக்கலன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தற்காலிக முறைகளின் பங்கு மிகச் சிறிது. நம் அறிஞர்களில் பெரும்பாலோர் அஸ்லின் அடிப்படையில் ஏற்பது தற்காலிக முறைகளை. அவர்கள் மிகவும் தயங்குவது நிரந்தர அறுவையில். ஆக, மார்க்கம் இசைந்தது பெண்ணுக்கு அரிதாகவே வாய்க்கிறது; மருத்துவமனையில் பரவலாகக் கிடைப்பதிலோ மார்க்கம் தயங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அவள் தனித்து நிற்கிறாள்.

ஃபத்வா கேட்டு வருபவரிடம் 'ஆகுமா' என்பதற்கு மட்டும் விடைகூறி அனுப்பினால் போதாது. 'அவள் இசைந்தாளா, மருத்துவரைக் கண்டாளா' என்று நாமும் திருப்பிக் கேட்க வேண்டும். முஸல்லம் நமக்குத் திறந்து காட்டும் மரபில் ஃபகீஹும் ஹகீமும் அருகருகே இருந்தனர். அவ்விருக்கையை நம் மதரஸாக்கள் மீட்டெடுக்குமா?