வாரண்டி வரை கம்பெனி, அப்புறம் ஷெட்: ஆயில் மாற்றும் பழக்கம் ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாரண்டி இருக்கும்வரை வண்டியைக் கம்பெனி சர்வீஸில் விடுவார்கள். முடிந்த மறுமாதமே தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள். ஆயில் மாற்றுவது போன்ற வழக்கமான வேலைக்கு இதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மச்சான் அப்படித்தான் செய்கிறார், ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நாமும் செய்கிறோம். இந்தப் பழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்ஜினுக்குள் போகும் ஆயிலை யார் ஊற்றுவது என்பதை ஒரு தேதியிடம் விட்டுவிடலாமா என்று கேட்டால், பாதி சரி, பாதி தவறு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடியவிட வேண்டும். அவசரப்படாமல் சொட்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். போல்ட்டோடு இருக்கும் வாஷரை மாற்ற வேண்டும். அது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது, ஏற்கெனவே நசுங்கியதை நம்ப முடியாது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் இறுக்க வேண்டும். போல்ட்டை அளவோடு முடுக்க வேண்டும். அலுமினிய சம்ப்பில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். ஆயில் மாற்றப் போனவர் சம்ப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வருவார். சிறிய பெட்ரோல் கார் என்றால் மூன்று, மூன்றரை லிட்டர் ஊற்றி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு, நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தால் வேலை முடிந்தது.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனியில் சீருடை போட்ட பையனும் செய்வார், முச்சந்தி ஷெட்டில் இருக்கும் அண்ணனும் செய்வார். ஆகவே இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கைத்திறனில் தேடிப் பயனில்லை. எந்த ஆயில் போகிறது, அது நம் கண் முன்னால் போகிறதா, போனதற்கு என்ன பதிவு இருக்கிறது என்ற மூன்று கேள்விகளில்தான் வித்தியாசம் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்தே நம் பழக்கத்தை எடைபோட வேண்டும்.

கம்பெனி சர்வீஸின் பெரிய பலம் முதல் கேள்வியிலும் மூன்றாவது கேள்வியிலும் இருக்கிறது. அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் சொன்ன கிரேடு எதுவோ அதுதான் அங்கே ஸ்டாக்கில் இருக்கும். ஃபில்டர் போலியாக இருக்குமோ என்ற கவலை இல்லை. ஜாப் கார்டு, கிலோமீட்டர், தேதி எல்லாம் கணினியில் ஏறிவிடும். நாளை இன்ஜினில் கோளாறு என்று போய் நின்றால் முதலில் கேட்கப்படுவது சர்வீஸ் வரலாறுதான். வண்டியை விற்கப் போனாலும் அந்த வரலாற்றுக்கு ஒரு விலை இருக்கிறது. உற்பத்தியாளர் ஏதாவது பாகத்தைத் திரும்பப் பெற்று மாற்றித் தரச் சொல்லியிருந்தால், அதுவும் அந்தச் சாக்கில் நடந்துவிடும்.

பலவீனம் நடுக் கேள்வியில். பல இடங்களில் ஆயில் பெரிய பேரலிலிருந்து குழாய் வழியாக வருகிறது. கஸ்டமர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருப்பார், வண்டி அந்தப் பக்கம் லிஃப்டில் நிற்கும். பில்லில் 3.1 லிட்டர் என்று அச்சாகியிருக்கும், நம்ப வேண்டியதுதான். அதைவிடச் சிக்கலானது எஸ்டிமேட். ஆயில், ஃபில்டர், வாஷர் என்று மூன்று வரியில் முடிய வேண்டிய தாளில் வீல் அலைன்மென்ட், பேலன்சிங், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம், இன்ஜின் டிரெஸ்ஸிங் என்று வரிசையாக ஏறிக்கொண்டே போகும். "சார், இதெல்லாம் ரெகமண்டட்தான்" என்பார் அட்வைசர். யார் ரெகமண்ட் செய்தது என்று கேட்டால் பதில் தெளிவாக வராது, ஏனென்றால் வண்டியோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் அந்த வரிகளில் பல இருக்காது. அட்வைசரைக் குறைசொல்லிப் பயனில்லை. புது வண்டி விற்பதில் டீலருக்கு மிஞ்சுவது குறைவு. பட்டறைதான் அவருக்குச் சோறு போடுகிறது. ஆயில் மாற்ற வருகிறவர் அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட கஸ்டமர்.

இங்கே வாரண்டி பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. "வெளியே விட்டால் வாரண்டி போய்விடும் சார்" என்ற ஒரு வாக்கியம் போதும், நாம் எல்லா வரிக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். இந்த விஷயம் ஏற்கெனவே இந்தியப் போட்டி ஆணையம் வரை போனது. 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் உத்தரவிட்டது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தனிப்பட்ட பட்டறைகளின் கையைக் கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். வெளியே வேலை பார்க்கப்பட்டது என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவு ஒன்றிருக்கிறது என்பதற்காக, கோளாறு வந்தபின் சர்வீஸ் மேனேஜரிடம் வாதாடி ஜெயிப்பது எளிதாகிவிடாது என்பதும் உண்மை. ஆகவே வாரண்டிக் காலத்தில் கம்பெனியில் விடுவது விவேகம்தான். எஸ்டிமேட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அந்த விவேகத்தில் சேராது. ஆயிலும் ஃபில்டரும் கையேட்டில் சொன்ன சோதனைகளும் போதும் என்று எழுதிக் கொடுத்தால் அதற்காக யாரும் வாரண்டியை மறுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாருதி சுஸூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. அதற்கு மேல் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு இது நல்லதுதான். ஆனால் 'வாரண்டி வரை கம்பெனி' என்று பழகியவருக்குக் கம்பெனிக் காலமும் கூடவே நீள்கிறது. எஸ்டிமேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுக்கும் விலையும் நீளும்.

இனி ஷெட். நடுக் கேள்விக்கு ஷெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்காரலாம். சீல் உடையாத கேனை நம் கண் முன்னால் திறப்பார். பழைய ஆயில் எந்த நிறத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று காட்டுவார். குனிந்து பார்த்தவர் கண்ணில் பிரேக் பேட் தேய்ந்ததும் பூட் கிழிந்ததும் படும்; "இப்ப அவசரமில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றும் சொல்வார். அந்த வாக்கியத்தை டார்கெட் உள்ள இடத்தில் கேட்பது அரிது. கூலியும் குறைவு, நேரமும் குறைவு.

ஷெட் சறுக்குவது முதல் கேள்வியில். "இந்த வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் தாங்காது சார், கெட்டியா ஊத்துவோம்" என்ற வாக்கியம் அம்பாசடர் காலத்து ஞானம். அன்றைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 சரியாகவே இருந்தது. இன்று பல பெட்ரோல் கார்களின் கையேடு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. சென்னைக்காரர் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பின்னால் உள்ள எண்தான் இன்ஜின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. பேரிங்குகளின் இடைவெளி, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வ் டைமிங் அமைப்பு எல்லாம் அந்த எண்ணை வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. வெளியே வெயில் 42 டிகிரி அடிக்கிறது என்பதால் இன்ஜின் தன் வேலைச் சூட்டை மாற்றிக்கொள்வதில்லை; அதைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு படி கெட்டியாகப் போட்டால் இன்ஜின் மறுநாளே செத்துவிடாது. சில கையேடுகளே இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதிக்கின்றன. 0டபிள்யூ-16 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது வேறு கதை. மைலேஜ் குறையும், ஸ்டார்ட் செய்தவுடன் மேலே ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

கிரேடோடும் முடியவில்லை. கேனின் பின்பக்கம் ஏபிஐ தரம் எழுதியிருக்கும். பெட்ரோலுக்கு 2020-இல் வந்த எஸ்பி தரம், டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த வேகத்திலேயே எரிபொருள் நேரத்துக்கு முன் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறையும் கணக்கில் எடுத்து வகுத்தது. பழைய தரங்கள் பலவற்றில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. டீசலில் விஷயம் இன்னும் கறார். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டுத் தரம் வந்தபோது டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் வந்தது. அதில் சேரும் கரியை இன்ஜினே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பலை எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் இந்த இன்ஜின்களுக்குச் சாம்பல் குறைவான ஆயிலைக் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். லாரிக்கு ஊற்றும் பேரலிலிருந்து நாலு லிட்டர் பிடித்து ஊற்றினால் இன்ஜின் ஓடும். வடிகட்டி அடைத்துக்கொண்டு நிற்கும் நாளில் வரும் பில், அதுவரை ஷெட்டில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

மூன்றாவது கேள்வியில் ஷெட் இன்னும் பலவீனம். துண்டுச் சீட்டில் 'ஆயில், பில்டர், கூலி' என்று எழுதிய கணக்கு பர்ஸிலேயே நைந்துபோகும். ஊற்றிய ஆயிலின் பெயர் அதில் இருக்காது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் '5,000 கி.மீ.' என்று சொல்லும், கையேடு 10,000 அல்லது ஓர் ஆண்டு என்று சொல்லும். நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கும், புழுதியில் ஓடும் வண்டிக்கும், ஆபீஸுக்கு மூன்று கிலோமீட்டர் மட்டும் போய்வரும் வண்டிக்கும் கையேடுகளே சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தைக் கம்பெனிக்காரரும் திறப்பதில்லை, ஷெட்காரரும் திறப்பதில்லை. ஒருவர் எல்லோருக்கும் பத்தாயிரம் என்கிறார், இன்னொருவர் எல்லோருக்கும் ஐயாயிரம் என்கிறார்.

வடிந்த ஆயில் எங்கே போகிறது என்பது யாரும் கேட்காத கேள்வி. பயன்படுத்திய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. 2024 ஏப்ரல் முதல் ஆயில் உற்பத்தியாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கணக்குக் காட்டும் கட்டாயம் இருக்கிறது. ஷெட்டின் வேஸ்ட் ஆயில் கேனிலிருந்து சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஒரு வாளி போகும், மிச்சம் யார் விலை கொடுக்கிறாரோ அவருக்குப் போகும். இதற்கு ஷெட்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவர் வாசலுக்கு வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று யூடியூப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். மூன்று லிட்டர் கறுப்பு ஆயிலை வைத்துக்கொண்டு அபார்ட்மென்ட்டில் என்ன செய்வது?

கம்பெனிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் மைடிவிஎஸ், பாஷ் போன்ற பல-பிராண்டு பட்டறைகள் இருக்கின்றன. சீல் வைத்த கேன், ஜிஎஸ்டி பில், கணினிப் பதிவு என்று மூன்று கேள்விக்கும் அங்கே பதில் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பெயர்ப்பலகை ஒன்றானாலும் கிளைக்குக் கிளை ஆள் வேறு, எஸ்டிமேட் நீளும் பழக்கமும் அங்கே வந்துவிட்டது. போர்டை நம்பாமல் அந்தக் கிளையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது பழக்கத்துக்கு வருவோம். வண்டி புதிதாக இருக்கும்போது கிரேடும் பதிவும் தானாகக் கிடைக்கின்றன. நாம் செய்ய வேண்டியிருந்தது எஸ்டிமேட்டைப் படிப்பது மட்டுமே, அதைச் செய்வதில்லை. வண்டி பழையதாகி ஷெட்டுக்குப் போகும்போது எஸ்டிமேட் தொல்லை தீர்ந்தது. ஆனால் கிரேடும் பதிவும் இனி நம் பொறுப்பு, அதையும் செய்வதில்லை. முன்பு அட்வைசரிடம் ஒப்படைத்ததை அப்படியே அண்ணனிடம் ஒப்படைக்கிறோம். இடம் மாறுகிறதே தவிர, பொறுப்பு ஒருநாளும் நம் கைக்கு வருவதில்லை. பழக்கத்தின் உண்மையான ஓட்டை இதுதான்.

சாதாரண பெட்ரோல் இன்ஜின், வாரண்டி முடிந்த வண்டி என்றால் ஷெட்டுக்குப் போவதே நல்ல முடிவு. இந்த வகையில் பழக்கம் ஜெயிக்கிறது. ஒரே நிபந்தனை, கையேட்டில் உள்ள கிரேடையும் தரத்தையும் பார்த்து ஆயிலை நாமே சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடத்திலோ நம்பகமான உதிரிபாகக் கடையிலோ பில்லோடு வாங்கிக் கொண்டுபோவது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆயில் நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க சார், எனக்கும் தலைவலி இல்லை" என்பவர்கள் நிறைய. காலி கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வந்தால் அது போலி ஆயில்காரர் கைக்குப் போய் மறுபிறவி எடுக்காது. கடை பில்லையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பதிவும் ஆயிற்று. டர்போ பெட்ரோலும் டிபிஎஃப் உள்ள டீசலும் வேறு கணக்கு: குறிப்பிட்ட தர ஆயிலைப் பெயர் சொல்லி பில்லில் எழுதிக் கொடுக்கும் இடம் எதுவோ, அதுவே இடம். அப்படி எழுதித் தரும் வெளிப்பட்டறை கிடைக்காதவரை, வாரண்டி முடிந்தாலும் கம்பெனியில் தொடர்வது வீண்செலவல்ல. இரண்டு இடத்திலும் ஆயில் ஊற்றச் சொல்வதற்கு முன் கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும். அதைப் படித்தவருக்கு எங்கே போவது என்பது சின்னக் கேள்வியாகிவிடும்.