'நான் யார்?' – ஒரு சிறு நூலின் பெருவினா

தத்துவ நூல்கள் பெரும்பாலும் விடைகளால் புகழ் பெறுகின்றன. வினா ஒன்றினால் புகழ் பெற்ற நூல், ரமண மகரிஷியின் 'நான் யார்?'. 1902 வாக்கில் திருவண்ணாமலைக் குகையில், அப்போது 22 வயதே நிரம்பியிருந்த ரமணர், சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு வாய் திறவாமல் எழுதிக் காட்டிய விடைகளே இதன் கரு. பிள்ளை தத்துவம் பயின்ற பட்டதாரி. வருவாய்த் துறை ஊழியர். துறவிக்குத் தோன்றிய ஐயமன்று. கோப்புகளோடு வாழ்ந்த ஒருவரின் ஐயம் என்பதே நம்மை இந்நூலின்பால் ஈர்க்கிறது. 1923இல் இது அச்சேறியது. பின்னர் ரமணரே இதனைக் கட்டுரையாகவும் வடித்தார்.

உடல், புலன், மூச்சு, மனம் என ஒவ்வொன்றையும் 'நான்' அன்று என விலக்கிச் செல்லும் பகுதி நூலின் தொடக்கத்தில் உள்ளது. உபநிடத நெறியில் வந்த இப்பட்டியலைப் பிள்ளையே சேர்த்தார் என்பர். அதனை மனப்பாடம் செய்துவிடலாம். செய்த பின்னும் செருக்கு அசையாதிருக்கலாம். நூலின் உயிர் அதில் இல்லை. எழும் எண்ணம் ஒவ்வொன்றும் யாருக்கு எழுந்தது என்று கேட்டு, 'நான்' என்னும் முதல் நினைவு பிறக்கும் இடத்தைத் தேடச் சொல்வதில்தான் இருக்கிறது. பிணத்தைக் கிளறும் கோல் இறுதியில் தானும் எரிவது போல, அவ்வினாவும் முடிவில் அழியும் என்கிறார் ரமணர். மறுப்பதற்கு ஒரு 'நான்' எஞ்சினால் மறுப்பு முற்றுப் பெறாது என்பதை இவ்வுவமை எளிதாக உணர்த்துகிறது.

சைவ சித்தாந்தி இதனை அப்படியே ஏற்க மாட்டார். உயிர் இறையோடு கலக்குமே அன்றி இல்லாமற் போகாது என்பது அவர் கட்சி. தாளும் தலையும் புணர்ந்து 'தாடலை' ஆவதை உமாபதி சிவம் உவமையாக்கினார். சொல் ஒன்றாகிறது, பொருள் இரண்டும் நிற்கின்றன. இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. அன்பு செலுத்த இருவர் வேண்டுமல்லவா?

ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தனித்த 'நான்' பொய்யாயின், தாயின் இறுதிச் சடங்குக்கு நேரத்தில் சென்று சேராத மகனின் துயரம் யாருடையது? அத்துயரைப் பொய்யென்று நூல் ஏளனம் செய்யவில்லை. ஓடும் ரயிலில் ஏறியபின் மூட்டையை ஏன் தலையில் சுமக்கிறாய் என்றே கேட்கிறது. இரண்டு நாள் பயணத்தில் ஊர் சென்று மீண்டவர்கள் இவ்வுவமையின் சுவையை நன்கறிவர்.

சித்தாந்தியின் வினாவிற்கும் நூலில் ஒரு குறிப்பு உண்டு. பிறர்க்குக் கொடுப்பது தனக்கே கொடுத்துக்கொள்வது என்கிறது அது. வேற்றுமொழி பேசும் அண்டை வீட்டார் நோயுற்ற நம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடும்போது, இக்கொள்கையை நூலறியாமலே அவர் மெய்ப்பிக்கிறார். உயிர்கள் ஒன்றா பலவா என்னும் வழக்கு தீராமற் போகலாம். இடையிலுள்ள சுவர் நாம் எண்ணியிருந்த அளவு தடிப்பானதன்று என்பதை உணர்த்திய வகையில், இச்சிறு நூல் தன் பணியைச் செவ்வனே செய்திருக்கிறது.