சிங்காரத்தின் தோணியும் நாவல் வகைகளும்

கோல சிலாங்கூரிலிருந்து கடலோரமாக வடக்கே செல்வோர் தஞ்சோங் காராங்கைக் கடந்து சுங்கை புரோங், செகிஞ்சான் ஆகிய ஊர்ப்பகுதிகளை அடைவர். ஒருபுறம் நெல்வயல்கள், மறுபுறம் மலாக்கா நீரிணை. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், ஒருகாலத்தில் ரப்பரும் இன்று செம்பனையும் நிறைந்த தோட்டங்கள். இக்கரைக்கு எதிர்க்கரை சுமத்திரா. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கோல சிலாங்கூரில் இறங்க முயன்றது இந்நீரிணை வழியாகவே. அதே நீரிணையில், அதே போர்க்காலத்தில், மேடானிலிருந்து பினாங்குக்குப் புறப்பட்ட தொங்கான் ஒன்று புயலில் அகப்பட்டுத் தத்தளிக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் நாவலுக்குப் பெயர் தந்த காட்சி அது.

இந்நாவலை வகுப்பறைக்குள் கொண்டுவரும் ஆசிரியர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர், இதனை எவ்வகையில் சேர்ப்பது என்பதே. வரலாற்று நாவல், சமூக நாவல், துப்பறியும் நாவல், காதல் நாவல் என வகுத்துப் பயில்வது நம் பாடத்திட்ட மரபு. மாணவன் இந்நூலின் தொடக்கப் பகுதியைப் படித்துப் போர் நாவல் என்று குறித்துக்கொள்வான். சில அத்தியாயங்கள் சென்றபின் அக்குறிப்பை அடித்துவிட்டுக் கடல்வழி வீரசாகசக் கதை என எழுதுவான். மேலும் சென்றால் அதையும் அடிக்க நேரும். ஒரே கதை தன் வகையை இத்தனை முறை மாற்றிக்கொள்வது ஆசிரியரின் தடுமாற்றமா, அன்றிக் கதைப்பொருளின் கட்டாயமா என்பது ஆராயத்தக்கது.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் மேடானுக்குச் சென்று வட்டிக்கடையில் பணியில் அமர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சி, ஜப்பானியர் ஆட்சி, இந்தோனேசிய விடுதலைப் போரின் தொடக்கம் ஆகிய மூன்றையும் அங்கிருந்தே கண்டார். 1946இல் தமிழகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நாற்பது ஆண்டுக்காலம் பணியாற்றினார். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே: தென்கிழக்காசியாவில் போரிடையே அகப்பட்டுக்கொண்ட தமிழ் இளைஞரின் வாழ்வு. ஒரே பொருளை ஒருவர் இருமுறை எழுத நேர்ந்தது ஏன் என வினவுவதே இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளும் வழி.

முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. வட்டிக்கடையில் பணிபுரியும் செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போர்க்களம் கண்டவன். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். துப்பாக்கி பிடித்த கை கணக்கேட்டைப் பிடிக்குமா என்னும் ஐயம் முதலாளிக்கு. ஆதலால் மகளை வேறொருவனுக்கு மணமுடிக்க முற்படுகிறார். காதலர் பிரிகின்றனர், நண்பன் மாணிக்கம் செல்லையாவைத் தேற்றுகிறான். போரும் இராணுவமும் இந்நாவலில் உண்டு. ஆயினும் அவை காதற்கதை என்னும் சட்டத்துக்குள் அமைந்தவை. சட்டம் உறுதியானது, நாவல் செறிவானது, முடிவும் பொருத்தமானது.

அவ்வாறாயின் மீண்டும் எழுதத் தூண்டியது யாது? காதற்கதையின் சட்டம் கொள்ளாத பகுதி மிகப் பெரிதாய் எஞ்சியதே காரணம் எனக் கருத இடமுண்டு. செல்லையாவின் துயரம் ஒரு பெண்ணை இழந்த துயரமாகவே முடிவடைகிறது. ஆனால் அத்தலைமுறை இழந்தது ஒரு பெண்ணை மட்டுமன்று. ஊர், தொழில், நம்பிக்கை, எதிர்காலம் பற்றிய கணக்கு ஆகிய அனைத்தும் ஒருசேரச் சரிந்தன. அச்சரிவைக் காதலின் பெயரால் மட்டும் சொன்னால் அது குறைவாகச் சொல்லப்பட்டதாகும்.

1962இல் எழுதப்பட்ட ‘புயலிலே ஒரு தோணி’ அச்சட்டத்தை முற்றாகக் கைவிடுகிறது. செல்லையாவும் மாணிக்கமும் இதிலும் வருகின்றனர். எனினும் நடுவில் நிற்பவன் பாண்டியன். ஜப்பானியர் மேடானுள் நுழையும் காட்சியில் நாவல் போர்ச் செய்தியாகத் தொடங்குகிறது. வெட்டப்பட்ட தலைகள் மக்களுக்குப் பாடமாகக் காட்சிக்கு வைக்கப்படும் இடத்தில் செய்தி நின்று அச்சம் தொடங்குகிறது. தொங்கான் பயணத்தில் அது கடற்கதையாகிறது. பினாங்கில் நண்பர்கள் கூடிப் பேசும் பகுதிகளில் தமிழரின் பழம்பெருமைப் பேச்சு இரக்கமின்றி எள்ளி நகையாடப்படுகிறது. அங்கே நாவல் அங்கதம். இராணுவப் பயிற்சியும் இரகசியப் பணிகளும் வரும்போது துப்பறியும் கதையின் விரைவு கூடுகிறது. இவற்றினிடையே மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் பாண்டியனின் நினைவில் விரிய, நாவல் ஏறத்தாழப் பாட்டாகிவிடுகிறது. இறுதியில் இந்தோனேசிய விடுதலைப் போராளிகளோடு சேர்ந்து ஒல்லாந்தரை எதிர்க்கும் பாண்டியன் அயல்மண்ணிலேயே மடிகிறான். அங்கே இது துன்பியல்.

இம்மாற்றங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒரு வகை பொய் சொல்லத் தொடங்கும் இடத்திலேதான் அடுத்த வகை நுழைகிறது. போர்ச் செய்தி நீண்டுகொண்டே போனால் படைகளும் தேதிகளும் மட்டுமே எஞ்சி மனிதன் மறைவான். ஆதலால் தலைகளின் காட்சி அதனைத் தடுக்கிறது. வீரக்கதை நீண்டால் பாண்டியன் வெறும் கதாநாயகனாகிவிடுவான். ஆதலால் நண்பர்களின் நகைப்பு குறுக்கிடுகிறது. நகைப்பு நீண்டால் எதிலும் பற்றில்லாத வறட்சி தோன்றும்; ஆதலால் ஊர்நினைவு வருகிறது. ஊர்நினைவு நீண்டால் இழந்ததெல்லாம் இனியது என்னும் மயக்கம் பிறக்கும். ஆதலால் மீண்டும் துப்பாக்கி ஒலிக்கிறது. ஒவ்வொரு வகையும் தனக்கு முன்னையதைத் திருத்திக்கொண்டே செல்கிறது.

தமிழ் மாணவர்க்கு இது புதுமையன்று. சிலப்பதிகாரம் புகார்க்காண்டத்தில் அகத்தின் சாயலோடு தொடங்குகிறது. மதுரைக்காண்டத்தில் அவலமும் வழக்குரைப்புமாகிறது. வஞ்சிக்காண்டத்தில் வெற்றியும் வாழ்த்துமாய்ப் புறத்தில் முடிகிறது. இடையிடையே கானல்வரி, வேட்டுவவரி, குரவை என மக்கள் பாடல் வடிவங்களும் உரைநடையும் விரவி வருகின்றன. இளங்கோவடிகள் தடுமாறினார் என எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. தொல்காப்பியர் எண்வகை வனப்பினுள் ‘விருந்து’ என ஒன்றைத் தனியே வைத்துப் புதிதாய்ப் புனையப்படும் யாப்புக்கு இடம் ஒதுக்கினார். இலக்கணம் இடம் தந்ததை நாவல் விமர்சனம் மறுக்க வேண்டியதில்லை. சிங்காரம் சிலம்பை நன்கு அறிந்தவர் என்பதற்கு, நாவலினுள் அக்காப்பியத்தைக் கேலியாகவும் காதலோடும் அவர் கையாளும் இடங்களே சான்று.

எனினும் எல்லா மாற்றங்களும் ஒரே தகுதி உடையனவல்ல. ஓர் உண்மை முன்னதைத் திருத்தும் தேவையால் நேரும் மாற்றம் வலுவுடையது. வாசகரை விழிப்போடு வைத்திருக்க நேரும் மாற்றம் வலுவற்றது. இரகசியப் பணிகள் நிகழும் பகுதிகள் சில இரண்டாம் வகையின. அங்கே பாண்டியன் தவறே செய்யாத திறமையாளனாகி, திரைப்பட நாயகனின் நிழல் அவன்மேல் விழுகிறது. ஆயிஷா, விலாசினி போன்ற பெண்களும் பாண்டியனின் வழியில் வந்து மறைவோராகவே உள்ளனர். அவர்களுக்கென ஒரு முழுக்கதை இல்லை. மற்றொரு குறை இந்நாட்டு வாசகர்க்கு நெருக்கமானது. இரு நாவல்களிலும் உலகைக் காணும் கண் வட்டிக்கடைப் பெட்டியடியில் அமர்ந்த இளைஞனின் கண். இந்திய தேசிய இராணுவத்தின் அணிகளை நிரப்பிய பால்மரத் தொழிலாளி அவற்றின் நடுவிடத்தில் இல்லை. இத்தனை வகைகளைத் தழுவிய நாவல் லயத்து வாசலில் நெடுநேரம் அமரவில்லை.

அவ்விடத்தை நிரப்பியவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தோட்ட மக்கள் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடுமையைக் கூறியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட பாதை அது. அ. ரெங்கசாமி போர்க்காலப் பொருளைப் பிரித்துக்கொண்டார்: இரயில்பாதைக்கு ‘நினைவுச் சின்னம்’, இந்திய தேசிய இராணுவத்துக்கு ‘இமயத் தியாகம்’, சிலாங்கூர் ஆற்றங்கரை மக்கள் பட்ட பாட்டுக்கு ‘லங்காட் நதிக்கரை’. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தெளிவாக நிற்பது. மாணவர் கையில் தயங்காமல் தரத்தக்கது. சிங்காரம் ஒரே தோணியில் ஏற்றியதை ரெங்கசாமி பல தோணிகளில் ஏற்றினார். முன்னதில் ஆழ்ந்துவிடும் இடர் மிகுதி. பின்னதில் ஒரு கரையின் ஓலம் மறுகரைக்குக் கேளாமற்போகும் இடர் உண்டு.

இவ்விரு முறைகளில் எது வாழ்வுக்கு நெருக்கமானது என்பதைத் தோட்டத்து முதியோரின் கதை சொல்லும் முறையில் காணலாம். வடசிலாங்கூர்த் தோட்டங்களிலும் பிற மாநிலத் தோட்டங்களிலும் ஜப்பான்காலத்தை நினைவுகூர்ந்த முதியோர் ஒரே வகையில் சொல்லி முடித்ததில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்ற பாட்டில் தொடங்குவர். வாழைமரம் பொறித்த ஜப்பான் நோட்டு செல்லாக்காசான கதையில் சிரிப்பர். ஆள்பிடிக்க வந்த நாளைச் சொல்லுகையில் குரல் தாழ்வர். திரும்பி வராதவனின் ஆவியைப் பற்றிச் சொல்லி முடிப்பர். நகையும் அழுகையும் அச்சமும் மருட்கையும் ஒரே மாலைப்பொழுதில் வந்துபோகும். எழுத்தில் இதனைச் செய்வது எளிதன்று. செய்ய முயன்றதே சிங்காரத்தின் போராட்டம்.

அப்போராட்டத்துக்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று. காதற்கதையின் சட்டத்துக்குள் நின்ற முதல் நாவலுக்குப் பரிசு கிடைத்தது. சட்டத்தை உடைத்த இரண்டாம் நாவல் பத்தாண்டுகள் கையெழுத்துப் படியாகக் காத்திருந்து 1972இல்தான் கலைஞன் பதிப்பகத்தால் வெளிவந்தது. அதன்பின்னும் பரவலான கவனம் பெற நெடுங்காலம் ஆயிற்று. சி. மோகன் முதலானோர் அதன் சிறப்பை எடுத்துரைத்த பின்னரே புதிய தலைமுறை அதனைத் தேடிப் படித்தது. 1997இல் சிங்காரம் மறைந்தார். மூன்றாவது நாவல் எழுதப்படவேயில்லை.

வகைப்படுத்துதல் பயனற்றது என்பது இதன் முடிவன்று. வகை தெரிந்த மாணவனுக்கே வகை மாறும் இடம் தெரியும். ஆதலால், ‘இது எவ்வகை நாவல்?’ என்று வினவும் ஆசிரியர், ‘எந்தப் பக்கத்தில் இது வேறுவகை ஆயிற்று, அங்கே எதைச் சொல்ல இயலாமற் போயிற்று?’ என்று அடுத்த வினாவையும் தொடுத்தல் வேண்டும். ஒற்றை விடையைக் கட்டாயப்படுத்தும் வகுப்பறை, கையெழுத்துப் படியைப் பத்தாண்டுகள் காத்திருக்கவைத்த அதே தவற்றைச் சிறிய அளவில் மீண்டும் செய்கிறது. தாத்தா பாட்டியர் சொன்ன ஜப்பான்காலக் கதைகளை எழுத முனையும் மாணவன் ஒருவன் இன்றும் சுங்கை புரோங்கிலோ புக்கிட் ரோத்தானிலோ இருக்கக்கூடும். அவன் எழுத்து நடுவழியில் வேறொன்றாக மாறும்போது, அதைச் சிவப்பு மையால் அடிக்குமுன் ஆசிரியர் ஒருமுறை நின்று படித்தல் நன்று.