பாக்கின் திருப்பலியிசை: மூன்று ஒலிப்பதிவுகள்

எழுதப்பட்ட செய்யுள் ஏட்டிலேயே நிற்கும்; எழுதப்பட்ட இசையோ பாடுவோர் குரலிலன்றி உயிர்பெறாது. ஆதலின் ஓர் இசையாக்கத்தின் பல ஒலிப்பதிவுகளை ஒப்புநோக்குதல் வெறும் விருப்பு வெறுப்பின் பாற்பட்டதன்று. அவ்வாக்கத்தின் பொருள் யாது எனத் தேரும் திறனாய்வேயாகும். இதற்குத் தக்க சான்றாவது, ஜேர்மனிய இசைப் பேராசான் யொகான் செபஸ்தியன் பாக் (1685-1750) இயற்றிய பி மைனர் திருப்பலியிசை.

இதன் முற்பகுதி 1733ஆம் ஆண்டில் டிறெஸ்டன் அரசவைக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஏனைய பகுதிகளைச் சேர்த்துத் தம் இறுதி ஆண்டுகளிலே பாக் இதனை நிறைவாக்கினார். கூட்டுப் பசனையிற் பலரும் ஒரே மெட்டைப் பாடுவர். இங்கோ நான்கு, ஐந்து, சிலவிடங்களில் எட்டுக் குரல்கள் தத்தம் வழியே நடந்து, ஒன்றோடொன்று இயைந்து பேரிசையாகின்றன. அவ்வாறாயின், ஒவ்வொரு குரற்பகுதியையும் எத்தனை பேர் பாடுதல் வேண்டும்? ஒலிப்பதிவுகள் வேறுபடுதற்கு இவ்வினாவே முதற் காரணம்.

கிறித்து சிலுவையில் அறையுண்டதைக் கூறும் பகுதியும், உயிர்த்தெழுந்ததைக் கூறும் பகுதியும் சந்திக்கும் இடத்தை உரைகல்லாகக் கொள்ளலாம். முன்னையதில், படிப்படியாக இறங்கும் தாழ்சுர வரிசையொன்று பதின்மூன்று முறை வருகின்றது. இறுதி முறையில் மேற்சுரக் கருவிகள் அடங்க, உடலைக் கல்லறையில் இறக்குவதுபோலக் குரல்கள் தாழ்ந்து ஓய்கின்றன. மறுகணமே எக்காளமும் முரசும் முழங்க ஐந்து குரல்களும் ஒருங்கே எழுகின்றன.

ஒற்றோ கிளெம்பெரர் 1967இல் நடத்திய பதிவு நிதானமும் கனமும் வாய்ந்தது. அதன் துயரம் கற்கோயில் போல அசையாது நிற்கின்றது. ஆயின் உயிர்ப்பின் பகுதியும் அதே நடையிற் செல்வதால், மகிழ்ச்சி துள்ளி எழவில்லை, பெருமிதமே எஞ்சுகின்றது.

இதற்கு நேர்மாறானது, அமெரிக்க அறிஞர் யோசுவா றிவ்கின் 1982இல் வெளியிட்ட பதிவு. டிறெஸ்டனுக்கு அனுப்பிய பிரதிகளில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தாளே உண்டு. ஆதலின் குரலுக்கு ஒருவரே பாடினர் என்பது அவர் கொள்கை. பாடகர் குழுவொன்றிற் பன்னிருவரேனும், பதினாறுபேராயின் நன்றெனவும், 1730இல் லைப்சிக் நகரவைக்குப் பாக் எழுதிய விண்ணப்பத்தைக் காட்டி மறுப்போர் பலர். அவ்வழக்கு எவ்வாறாயினும், பெருங்குழுவில் மறைந்துபோகும் நடுக்குரல்களை றிவ்கினின் பதிவு தெளிவுறக் கேட்பிக்கின்றது. சிலுவைப் பகுதியில் ஒவ்வொருவர் துயரும் தனித்துப் புலனாகின்றது. எனினும் எக்காளம் முழங்குமிடத்தில் ஐந்து தனிக்குரல்கள் ஒரு மக்கட்கூட்டத்தின் ஆரவாரமாதல் அரிது.

கார்ல் றிக்ரர் 1961இல் மியூனிக் நகரப் பாக் பாடகர் குழுவைக் கொண்டு செய்த பதிவே இவ்விரு நிலைகளையும் இணைப்பது. அவர்தம் குழு பெரியது. கருவிகளும் பாக் காலத்தனவல்ல. ஆயினும், பலர் கூடித் தம் குரலை அடக்கும்போது தோன்றும் அமைதி ஒருவர் மெல்லப் பாடுவதினும் ஆழ்ந்தது. கல்லறை வாயிலில் அவ்வமைதியைக் கேட்டவர்க்கே அடுத்தெழும் முழக்கத்தின் பொருள் விளங்கும். ஒருவர் துயரம் ஊரார் துயரமாகி, ஊரார் மகிழ்ச்சியாக மாறுகின்றது.

ஆராய்ச்சியிற் புதியதே கலையிலும் சிறந்தது எனக் கொள்வார்க்கு இம்முடிபு உடன்பாடாகாது. ஆனால் இவ்வாக்கம் முழுமையும் பாக் வாழ்நாளில் ஒருமிக்கப் பாடப்பட்டமைக்குச் சான்றில்லை. மீட்டெடுத்தற்குரிய மூல அரங்கேற்றமே அறியப்படாதவிடத்து, பாடகர் தொகையைக் கொண்டு மட்டும் ஒரு பதிவின் உண்மையை அளத்தல் பொருந்தாது. வரலாறு கேட்போன் செவியைப் பண்படுத்தலாம். அச்செவிக்குரிய தீர்ப்பைத் தானே வழங்கலாகாது.

ஆகவே, இவ்விசையைக் கற்கப் புகும் மாணவன் முதலில் றிவ்கினின் பதிவைக் கேட்டுக் குரல்களின் பின்னலை அறிதல் நன்று. அதன்பின் றிக்ரரின் பதிவைக் கேட்பின், அப்பின்னல் எதன்பொருட்டு என்பதும் புலனாகும்.