சுவரொட்டியில் தமிழின் இடம்

அரசு வகுக்கும் திட்டம் ஏட்டளவில் நிற்கும்வரை அதிகாரிகளுக்கே உரியது. மக்கள் அதனை உணர்ந்து ஒழுகும்போதுதான் நாட்டுக்கு உரியதாகிறது. அவ்வாறு உணர்த்தும் கருவிகளுள் ஒன்று படத்தோடு கூடிய சுவரொட்டி. நூல்களை ஆராயும் நாம் சுவரொட்டியை ஆராய்வதில்லை. ஆயினும், நூலைத் தொடாதவரும் அதனைப் படிக்கின்றனர். ஆதலின் அதனையும் திறனாய்வுக்கு உட்படுத்துதல் தகும்.

மலேசியாவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கோவிட்-19 நோயைத் தடுக்கும் அறிவுரைகள் படங்களோடு பல மொழிகளில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, மூன்று சூழல்களைத் தவிர்க்க என்பது. இதனை முதலில் வகுத்த சப்பானியர், மூன்று சொற்களையும் ஒரே எழுத்தில் தொடங்குமாறு அமைத்தனர். ஆங்கிலத்தில் அவை 'மூன்று சி' ஆயின. மலாயிலோ 'செசாக், செம்பிட், செம்பாங் டெக்காட்' என 'மூன்று எஸ்' ஆயின. மும்மொழியும் கையாண்ட உத்தி ஒன்றே. அதனை நாம் மோனை என்போம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடையொன்றின் வாயிலில் நான் கண்ட தமிழ்ச் சுவரொட்டியோ, 'மூன்று சி' என்றே தலைப்பிட்டிருந்தது. கீழிருந்த தமிழ்த் தொடர்களில் ஒன்றேனும் அவ்வெழுத்தில் தொடங்கவில்லை. பொருளில் பிழையில்லை, ஆனால் நினைவில் நிறுத்தும் வழி அறுந்துவிட்டது. 'அடைத்த இடம், அடர்ந்த கூட்டம், அண்மைப் பேச்சு' என்றிருந்தால், 'மூன்று அ' என்று பள்ளிப் பிள்ளையும் பாட்டிக்குச் சொல்லியிருக்கும். மோனைக்குத் தொல்காப்பியமே இலக்கணம் கூறும் மொழியில் இக்குறை நேரலாமா?

கிள்ளானில் கண்ட டெங்கி அறிவிப்பொன்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 'கொசு' என்னும் சொல்லில், ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. தமிழெழுத்தை இணைக்கத் தெரியாத கணினி மென்பொருளும், அதனைத் திருத்தத் தெரியாத கையும் சேர்ந்து செய்த பிழை அது.

"படம் மொழி கடந்தது, எழுத்து எப்படியிருந்தால் என்ன?" என்பாரும் உளர். வியன்னாவில் 1925இல் அருங்காட்சியகம் நிறுவி, சமுதாயச் செய்திகளைப் படங்களால் விளக்கிய ஓட்டோ நியூராத், தம் படமொழியைத் துணைமொழி என்றே கூறினார். அவர்தம் துணைவியார் மேரி நியூராத், 1950களில் மேற்கு நைஜீரிய அரசின் கல்வி, நலவாழ்வுத் திட்டங்களைப் படங்களால் விளக்கியபோது, ஐரோப்பாவில் வரைந்த உருவங்களை அப்படியே ஒட்டிவிடவில்லை. அங்குள்ள மக்களின் உடைக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாற்றி வரைந்தார். படத்துக்கே இத்துணை மாற்றம் வேண்டுமெனில், சொல்லுக்கு எத்துணை வேண்டும்!

பிற மொழியில் அனைத்தையும் முடித்த பின்னர், எஞ்சிய மூலையில் தமிழை இட்டு நிரப்புவதே இக்குறைகளுக்கெல்லாம் வேர். தமிழில் அச்சிடுவது பாராட்டுக்குரியது. எனினும் அச்சிட்டது பயன்படவும் வேண்டுமன்றோ? ஓவியர் கோடு வரையத் தொடங்கும்போதே தமிழறிந்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அச்சேறுமுன், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் காட்டி, "என்ன விளங்கிற்று?" என்று கேட்டறிதல் வேண்டும்.

இப்பணிக்குத் தமிழாசிரியரினும் தக்கார் யாவர்? அழைப்பு வரட்டும் என்று காத்திராமல், உள்ளூர் அலுவலகங்களை நாம் அணுகுவோம். செய்யுளில் மோனை தவறினால் ஓசை கெடும். சுவரொட்டியில் செய்தி தவறினால் உயிருக்கே கேடு வரும்.